மாட்டுங்கா விடுதியும் கொலாபா ஆலையும்: மும்பையில் ஆவி ஆய்வின் வரலாறு

ஆளற்றுப்போன மருத்துவமனை, மூடிக்கிடக்கும் ஆலை, கைவிடப்பட்ட சிறைச்சாலை முதலிய பழைய நிறுவனக் கட்டடங்களில் இரவு முழுவதும் கருவிகளுடன் தங்கி, இறந்தோரின் இருப்பைப் பதிவுசெய்ய முயலும் வழக்கம் இன்று ஆவி ஆய்வு என்றும் பேய் வேட்டை என்றும் வழங்கப்படுகிறது. அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்திலுள்ள வேவர்லி ஹில்ஸ் காசநோய் மருத்துவமனையும், மேற்கு வர்ஜீனியாவில் 1864இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கி 1994இல் மூடப்பட்ட டிரான்ஸ் அலிகேனி மனநோயாளர் காப்பகமும் இவ்வழக்கத்தின் புகழ்பெற்ற களங்கள். அங்கே கட்டணம் செலுத்தி இரவைக் கழிப்பதற்கு முறையான ஏற்பாடுகள் உள்ளன. மும்பையில் இவ்வகைப் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறுவது கொலாபாக் கடலோரத்தில் பாழடைந்து நிற்கும் முகேஷ் மில்ஸ் ஆகும். பேய் உண்டா இல்லையா என்ற வழக்கை எத்தனை முறை விசாரித்தாலும் அது ஓரிடத்திலேயே நின்றுவிடுகிறது. எத்தகைய கட்டடத்தின்மீது பேய்க்கதை படிகிறது, அக்கட்டடத்துக்குள் உண்மையாகவே வாழ்ந்து மடிந்தவர்களை அக்கதை எவ்வாறு மறைத்துவிடுகிறது என்பதை ஆராய்ந்தால், மும்பையின் வரலாறும் அந்நகரத் தமிழரின் வரலாறும் சேர்ந்தே துலங்குகின்றன.

ஆவிகளைப் பற்றிய கூற்றுகளை நீதிமன்றச் சாட்சியம் போலச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அமைப்பு வடிவம் பெற்றது 1882இல், லண்டனில் உளவியல் ஆய்வுக் கழகம் தோன்றியபோது. அக்கழகத்தின் தொடக்ககாலப் பெரும் விசாரணைகளுள் ஒன்று பம்பாயில் வேர்விட்டுச் சென்னை அடையாற்றில் முடிந்தது என்பது தமிழ் வாசகர் பலர் கவனிக்காத செய்தி. 1875இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவிய ஹெலினா பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஹென்றி ஆல்காட்டும் 1879 பிப்ரவரியில் பம்பாயில் வந்திறங்கி, முதலில் கிர்காவிலும் பின்னர் பிரீச் கேண்டியிலும் இருந்து சபையை நடத்தினார்கள். இமயத்துக்கு அப்பாலுள்ள மகாத்மாக்கள் எழுதியவை என்று சொல்லப்பட்ட கடிதங்கள் கூரையிலிருந்து விழுவதும் எதிர்பாராத இடங்களில் தோன்றுவதுமாக அற்புதச் செய்திகள் அங்கிருந்து பரவின. 1880இல் அவர்கள் இல்லத்தில் வந்து சேர்ந்த எம்மா கூலோம் வீட்டு நிர்வாகத்தைக் கவனித்தார். அவர் கணவர் அலெக்சிஸ் தச்சு வேலை தெரிந்தவர். 1882 டிசம்பரில் தலைமையகம் அடையாற்றுக்கு மாறியபோது அவர்களும் உடன் சென்றார்கள்.

அடையாற்று மாளிகையில் பிளாவட்ஸ்கி அம்மையாரின் படுக்கையறையை அடுத்திருந்த அறையில், சுவரில் தொங்கவிடப்பட்ட ஒரு மர அலமாரி பூசைப் பேழையாக மதிக்கப்பட்டது. அதற்குள் வைத்த கேள்விகளுக்கு மகாத்மாக்களின் விடைகள் தோன்றும் என்று அடியார்கள் நம்பினார்கள். கூலோம் தம்பதியருக்கும் சபையினருக்கும் பிணக்கு ஏற்பட்டு அவர்கள் வெளியேற்றப்பட்ட பின், இவை யாவும் ஏற்பாட்டின்படி நடந்தவை என்று காட்டும் கடிதங்களைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழ் 1884 செப்டம்பரில் வெளியிட்டது. உளவியல் ஆய்வுக் கழகம் ரிச்சர்டு ஹாட்சன் என்ற இளைஞரை அனுப்பியது. அவர் 1884 டிசம்பரில் வந்து சேர்வதற்குள் அந்தப் பேழை சபையினராலேயே எரிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அவர் தளரவில்லை. அறைகளின் வரைபடத்தைத் தயாரித்து, பேழை தொங்கிய சுவருக்குப் பின்புறம் இருந்த திறப்பு எப்போது செங்கல் வைத்து அடைக்கப்பட்டது, சாந்து எப்போது பூசப்பட்டது, சாவி யாரிடம் இருந்தது, கடிதம் தோன்றிய நேரத்தில் எந்த அறையில் யார் இருந்தார் என்று சாட்சி சாட்சியாக விசாரித்தார். பம்பாய்க்கும் சென்று பழைய நிகழ்ச்சிகளைத் துருவினார். 1885 டிசம்பரில் அச்சான அவருடைய நெடிய அறிக்கை அற்புதங்களை மோசடி என்று தீர்த்தது. அதன் கையெழுத்துச் சான்றுகள் ஒருதலைப்பட்சமானவை என்று அதே கழகத்தின் இதழில் 1986இல் வெர்னான் ஹாரிசன் விரிவாக மறுத்தெழுதினார் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. நூறாண்டு கழிந்த பின்னும் ஓர் அறிக்கையை வரி வரியாக மறுக்க முடிந்தது என்றால், சோதிக்கத்தக்க விவரங்களை அந்த அறிக்கை தன்னுள் கொண்டிருந்தது என்பதே காரணம். சுவரையும் சாவியையும் சாட்சியையும் நம்பிய அந்த முறையின் மேன்மை இதில்தான் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் விசாரணையின் குறி மனிதரை விட்டுக் கட்டடத்துக்கு மாறியது. ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன இடையாளர்கள் ஒருவர் பின் ஒருவராக அம்பலப்பட, ‘பேய் உலவும் வீடு’ முன்னணிக்கு வந்தது. இங்கிலாந்தில் போர்லி என்ற ஊரின் பாதிரியார் இல்லத்தை 1929 முதல் ஆராய்ந்த ஹாரி பிரைஸ், நாளிதழ்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டதோடு, 1936இல் பேய் வீடொன்றிலிருந்து பி.பி.சி. வானொலியில் நேரடி ஒலிபரப்பும் நடத்தினார். கேட்போரை மகிழ்விக்க வேண்டிய கடமை அன்றே ஆய்வின் தோளில் ஏறிக்கொண்டது. 2002இல் பிரிட்டனிலும் 2004இல் அமெரிக்காவிலும் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர்கள் இருட்டு, பச்சை நிற இரவுப் படக்காட்சி, திடுக்கிட்டுத் திரும்பும் முகம் என்ற வாய்பாட்டை உலகெங்கும் பரப்பின. இந்தியாவில் 2009இல் கௌரவ் திவாரி நிறுவிய இந்தியன் பாராநார்மல் சொசைட்டி இம்முறையை இங்கே வேரூன்றச் செய்தது. 2016இல் அவர் டெல்லியில் இறந்த பின்னும் அந்த வாய்பாடு வளர்ந்துகொண்டே போகிறது.

இத்தகைய குழுவினர் கையாளும் கருவிகள் உண்மையில் எதை அளக்கின்றன என்பதை அறிந்துகொள்வது பயனுடையது. மின்காந்தப் புல அளவி என்பது மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றி எழும் காந்தப் புலத்தின் வலிமையைக் காட்டும் சிறு கருவி; மின்பணியாளர்கள் மறைந்துள்ள கம்பிகளையும் கசிவுகளையும் கண்டறியப் பயன்படுத்துவது. மும்பை போன்ற நகரத்தில் தெருவடியில் மின்வடங்களும், புறநகர் ரயில்பாதைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பிகளும், கையிலேயே செல்பேசியும் இருக்கையில் அக்கருவியின் விளக்கு எரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அடுத்தது, மனிதக் காதுக்கு எட்டாத ஆவிக்குரல் ஒலிநாடாவில் பதிவாகும் என்ற கொள்கை. சுவீடனைச் சேர்ந்த ஃப்ரீட்ரிக் யூர்கன்சன் 1959இல் பறவைகளின் ஒலியைப் பதிவுசெய்தபோது மனிதப் பேச்சும் கேட்டதாகச் சொன்னதிலிருந்து இது கிளைத்தது. பொருளற்ற இரைச்சலை மீண்டும் மீண்டும் கேட்கும் மனம் தனக்குத் தெரிந்த சொல்லை அதில் பொருத்திக்கொள்ளும் என்பதற்குப் பேய் வேண்டாம். எந்த வார்த்தை கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

இதன் பொருள், பழைய கட்டடங்களில் நடுக்கம் கொண்டவர்கள் அனைவரும் பொய் சொன்னார்கள் என்பதன்று. 1921இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், காலடி ஓசைகளும் உருவத் தோற்றங்களும் தலைவலியுமாக அல்லலுற்ற ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அவ்வீட்டின் வெப்ப உலை பழுதாகிக் கார்பன் மோனாக்சைடு அறைகளுக்குள் கசிந்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பொறியாளர் விக் டாண்டி, தாம் பணிபுரிந்த ஆய்வகத்தில் தோன்றிய அச்சத்துக்கும் சாம்பல் நிற உருவத்துக்கும், புதிதாகப் பொருத்திய ஒரு மின்விசிறி எழுப்பிய, காதுக்குக் கேளாத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வே காரணம் என்று 1998இல் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டார். மும்பைக் கட்டடங்களிலோ இவற்றோடு கடற்காற்றும் பருவமழையும் சேர்ந்துகொள்கின்றன. நான்கு மாத ஈரத்தை உறிஞ்சிய தேக்கு உத்திரம் மழை விட்டதும் உலர்ந்து சுருங்குகையில் நள்ளிரவில் ‘படக்’கென்று ஒலியெழுப்பும், உப்பு அரித்த இரும்புக் கீல் காற்றே இல்லாதது போன்ற வேளையிலும் முனகும். பாழடைந்த கூரைகளில் குடியிருக்கும் கூகையின் முகமும் அடிவயிறும் வெண்மையானவை. சிறகடிக்கும் ஓசை சற்றும் எழாமல் அது பறக்கும். அதன் குரலோ ஒரு பெண் அலறுவது போன்றது. வெள்ளைச் சேலை உடுத்த உருவம் ஆலைக்குள் மிதந்து சென்றது என்று சொல்பவர் தாம் கண்டதைத்தான் சொல்லியிருக்கக்கூடும்.

கொலாபாவின் முகேஷ் மில்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலை ஒட்டி எழுந்த பஞ்சாலை. 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதன் கரிபடிந்த சுவர்களும் கொடியேறிய சாளரங்களும் திரைப்படக்காரர்களைக் கவர்ந்தன. 1991இல் வெளிவந்த ‘ஹம்’ இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடற்காட்சி அங்கே எடுக்கப்பட்டது. படப்பிடிப்புக்கு வந்த நடிகை ஒருவரின் குரல் திடீரென மாறி எல்லாரையும் வெளியேறச் சொன்னது என்பது போன்ற கதைகள் படக்குழுவினர் வாயிலாகப் பரவி, ஆவி ஆய்வாளர்களின் பட்டியலில் அவ்வாலைக்கு நிலையான இடம் தந்தன. அக்கதைகளில் ஆலைத் தொழிலாளி ஒருவருக்கும் பெயர் இல்லை. 1854இல் நிறுவப்பட்ட முதல் பஞ்சாலை தொடங்கி நூற்று முப்பது ஆண்டுக்காலம் பம்பாயை வளர்த்த தொழில், 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தத்தோடு நிலைகுலைந்தது. முறைப்படி விலக்கிக்கொள்ளப்படாத அந்தப் போராட்டத்துக்குப் பின் பல ஆலைகள் திறக்கவே இல்லை. கொங்கணக் கடற்கரையிலிருந்தும் சதாரா மாவட்டத்திலிருந்தும் வந்து கிரண்காவ் எனப்பட்ட ஆலைப் பகுதியில் குடியேறியிருந்த குடும்பங்கள் சிதறின. அம்மக்களின் குரல்களை மீனா மேனனும் நீரா ஆடார்க்கரும் நேரில் கேட்டுத் தொகுத்து 2004இல் நூலாக வெளியிட்டார்கள். ஆலைகளின் இருட்டில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் தேடும் குரல், உயிரோடிருந்த தொழிலாளரின் குரலாக அந்நூலில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. அதைக் கேட்பதற்கு இருட்டு தேவையில்லை.

பேய்க்கதைக்கு முதல் தேவை காலியிடம். இட நெருக்கடி மிகுந்த நகரத்தில் ஒரு கட்டடம் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடக்க வேண்டுமானால் உரிமை வழக்கோ, விலையேறும் வரை காத்திருக்கும் வசதியோ இருக்க வேண்டும். தாராவி இதற்கு நேர்மாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் அங்கே வளர்த்த தோல் பதனிடும் தொழில், 1971இல் மாட்டிறைச்சிக் கூடம் பாந்திராவிலிருந்து செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு மாறிய பின் மெல்லத் தேய்ந்தது. சுண்ணாம்புத் தொட்டிகளும் கடுக்காய்ச் சாற்றில் தோல் ஊறிய குழிகளும் இருந்த முற்றங்கள், தொழில் நின்ற மறுகணமே தையற்கூடமாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. மித்தி ஆற்றங்கரையில் ஆளுநர் ஜான் ஹார்ன் காலத்தில், 1737இல் கட்டப்பட்டதென்று கல்வெட்டு சொல்லும் காலா கில்லா கோட்டையைக்கூட வீடுகள் நெருக்கிச் சூழ்ந்துகொண்டன. பேய் வேட்டைக்காரர்களின் பட்டியல்களில் தாராவியைக் காண்பது அரிது என்றால், அங்கே சாவும் துயரமும் குறைவாக இருந்தன என்பதன்று காரணம். ஆவி உலவுவதற்கு அங்கே ஓர் அறைகூடக் காலியாக இருக்க விட்டதில்லை.

தாராவியிலிருந்து சற்றுத் தொலைவில், அக்காலத்தில் மாட்டுங்கா என்றே குறிக்கப்பட்டு இன்று வடாலாவாக அறியப்படும் இடத்தில், அடைத்து வைப்பதற்கென்றே எழுந்த ஒரு நிறுவனம் உண்டு. 1890இல் நகராட்சி ஆணையராக இருந்த ஹாரி ஆர்பத்நாட் அக்வொர்த், அந்த ஆண்டு நவம்பரில் அங்கே வீடற்ற தொழுநோயாளர் விடுதியைத் திறந்தார். முந்தைய ஆண்டு ஹவாய்த் தீவுகளில் தொழுநோயாளருக்குத் தொண்டாற்றிய டேமியன் அடிகள் அதே நோயால் இறந்த செய்தி உலகெங்கும் அச்சத்தைக் கிளப்பியிருந்தது. நோய்க்கிருமியை நார்வேயின் ஹான்சன் 1873இலேயே கண்டிருந்தார் என்றாலும் அது எவ்வாறு பரவுகிறது என்பது அன்று தெளிவாகவில்லை. பம்பாய் வீதிகளில் பிச்சையெடுத்துத் திரிந்த நோயாளரை அகற்ற வேண்டும் என்று நாளிதழ்களும் செல்வர்களும் வற்புறுத்தினார்கள். தனிச் சட்டம் இல்லாத நிலையில், 1888ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம் ஆபத்தான நோயுற்றோரை மருத்துவமனைக்கு அகற்றத் தந்த அதிகாரத்தை அக்வொர்த் இதற்குப் பயன்படுத்தினார்; பொதுமக்கள் நன்கொடையும் திரண்டது. இதே அதிகாரி மராட்டிய வீரர் கதைப்பாடல்களான போவாடாக்களைத் திரட்டி 1894இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் என்பது அவருடைய ஆளுமையின் மறுபக்கம்.

1898இல் இந்திய அரசு இயற்றிய தொழுநோயாளர் சட்டம், புண் உண்டாகத் தொடங்கிய நோயாளரையே தொழுநோயாளர் என்று வரையறுத்து, அவர்களிலும் பிச்சையெடுப்பவரையும் பிழைக்க வழியற்றவரையும் மட்டும் பிடித்து அடைக்க இடம் தந்தது. நோய் இருந்தும் வீடும் பணமும் உடையவரை அடைக்க அது இடம் தரவில்லை. ஆக, அடைப்பதற்கான அளவுகோல் நோயன்று, வறுமை. 1890–91இல் இந்தியாவெங்கும் சுற்றி ஆராய்ந்த தொழுநோய் ஆணையம் தொற்றும் ஆற்றல் மிகக் குறைவு என்று முடிவுகூறிய பின்னரே இச்சட்டம் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அடைப்பின் நோக்கம் மருத்துவத்தைக் காட்டிலும் வீதியின் தோற்றத்தைப் பற்றியது என்பது விளங்கும். மாட்டுங்கா விடுதி சிறையைப் போல் இருண்ட இடமாக மட்டும் இருந்ததும் இல்லை. உள்ளிருந்தோர் வழிபடக் கோயிலும் பள்ளிவாசலும் கிறித்தவ ஆலயமும் அங்கே இருந்தன. கழிவுநீர் பாய்ச்சிய நிலத்தில் அவர்கள் பயிர் செய்தார்கள்.

அந்தக் கழிவுநீரோடு பிணைந்த ஒரு செய்தி இவ்விடத்தில் விரிவாகச் சொல்லத் தக்கது. 1897இல் விடுதியின் கழிவுநீர்த் தொட்டிகளின்மீது வாயுவைச் சேர்க்கும் மூடிகள் பொருத்தப்பட்டன. காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும்போது மீத்தேனும் கரியமில வாயுவும் குமிழ்களாக மேலெழுகின்றன. மூடியின் கீழ்த் தங்கும் அவ்வாயுவைக் குழாய் வழியே இழுத்து, எஞ்சினை ஓட்டவும் விளக்கெரிக்கவும் பயன்படுத்தினார்கள். நகராட்சியின் வடிகால் பொறியாளரான கார்கீட் ஜேம்ஸ் இத்தகைய சோதனைகளில் முனைந்து, கீழைநாட்டு வடிகால் சிக்கல்களைப் பற்றி நூலும் எழுதினார். சாண எரிவாயு வரலாற்றை எழுதும் நூல்கள் பல, உலகின் முதல் கழிவு எரிவாயுக் கலம் 1859இல் பம்பாய்த் தொழுநோயாளர் குடியிருப்பில் அமைந்தது என்று ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வருகின்றன. விடுதி திறந்ததே 1890இல் என்னும்போது அந்த ஆண்டு பொருந்தாது. ஆண்டு பிழைத்தாலும் பெருமை பிழைக்கவில்லை: இன்று நாடெங்கும் அடுப்பெரிக்கும் ஒரு நுட்பத்தின் தொடக்க இடங்களுள் ஒன்று, ஊர் ஒதுக்கித் தள்ளிய மனிதர்களின் இருப்பிடம்.

தமிழ்க் கிராமங்களில் சதுப்பு நிலத்தின்மேல் இரவில் மின்னி மறையும் நெருப்பைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்பார்கள். 1776இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக் கரைச் சேற்றைக் கிளறி மேலெழுந்த குமிழ்களைத் திரட்டிய அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா, எரியும் அந்த வாயுவை ஆராய்ந்தார்; அதுவே மீத்தேன். மீத்தேன் தானாகத் தீப்பற்றாது என்பதால் முதற்பொறி எங்கிருந்து வருகிறது என்பது நெடுங்காலம் விளங்காமல் இருந்தது. நீரில் எழும் நுண்குமிழ்களுக்கிடையே மிகச் சிறிய மின்பொறிகள் தாவுவதை 2025இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு ஸேர் குழுவினர் பதிவுசெய்து, அதுவே தொடக்கமாகலாம் என்று காட்டினார்கள். மாட்டுங்கா விடுதியில், பிசாசின் வாய் நெருப்பென்று மக்கள் அஞ்சிய அதே வாயு குழாயில் அடைபட்டு எஞ்சினை ஓட்டியது. இதைச் செய்து பார்த்த இடத்தில் இருந்த நோயாளர்களின் பெயர்களோ வாயு வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை.

அகாலமாக இறந்தோரை நினைவில் வைப்பதற்குத் தாராவித் தமிழரின் சொந்த ஊர்ப்புறங்களில் வேறொரு வழி இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் கொலையுண்டவரும் கொடுமைக்கு ஆளாகி மாண்டவரும் துரத்தப்பட வேண்டிய பேய்களாக விடப்படுவதில்லை. பீடம் எழுப்பி, கொடைவிழா எடுத்து, தெய்வமாக நிறுத்தப்படுகிறார்கள். கொடையில் வில்லுப்பாட்டுக் கலைஞர் அவருடைய பிறப்பையும், அவரைக் கொன்றவரையும், கொன்ற காரணத்தையும், கொன்ற இடத்தையும் விடிய விடியப் பாடுகிறார். அந்தணராகப் பிறந்து அருந்ததியர் குலத்துச் சகோதரியர் இருவரை மணந்து, மாட்டுக் கொள்ளையரோடு பொருது மாண்ட முத்துப்பட்டன் பாபநாசத்துச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் வழிபடப்படுகிறார். அவர் கதையை நா. வானமாமலை பதிப்பித்தார். இத்தெய்வத்துக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, வழக்கு உண்டு. பாழடைந்த ஆலையில் உலவுவதாகச் சொல்லப்படும் வெள்ளுருவத்துக்கு இம்மூன்றும் இல்லை. நாட்டார் மரபு இறந்தவருக்கு நேர்ந்த அநீதியைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கருவி ஏந்திய ஆவி ஆய்வு அந்த அநீதியைக் கேளாமல் அதன் அச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இவ்விரண்டையும் ஒரே மூடநம்பிக்கைக் கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது.

ஆயினும் பேய் என்ற சொல்லின் பெயரால் உயிரோடிருப்பவர் உடலில் இழைக்கப்படும் கொடுமைக்கு எந்த மரபும் கேடயமாக முடியாது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய ஆபிரகாம் கோவூர், இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக நூற்றுக்கணக்கான பேய் வழக்குகளை நேரில் விசாரித்தார். கல் விழும் வீட்டில் கருவி எதையும் நாட்டாமல் அவ்வீட்டிலுள்ளோரைத் தனித்தனியே அமர்த்திப் பேசி, மன நெருக்கடிக்கு ஆளான ஒருவரைக் கண்டறிந்து தேற்றுவதே அவர் கைக்கொண்ட வழி. மகாராஷ்டிரத்தில் நரேந்திர தபோல்கர் 1989இல் நிறுவிய மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கம் பல ஆண்டுகள் போராடிக் கோரிய சட்டம், அவர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னரே அவசரச் சட்டமாக வெளிவந்து, அந்த ஆண்டு டிசம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பேயோட்டுவதாகச் சொல்லி ஒருவரைக் கட்டி வைப்பதும், அடிப்பதும், மிளகாய்ப் புகை போடுவதும் அதன்படி தண்டனைக்குரிய குற்றங்கள்.

மாட்டுங்கா விடுதியில் கதவுகள் திறந்தது மந்திரத்தாலும் அன்று, வழக்காலும் அன்று, மருந்தால். 1940களில் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் முன்னின்று சோதித்த சல்ஃபோன் வகை மருந்துகளும், 1982 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையும் நோயாளரை வீட்டிலேயே குணமாக்கின. 1976இல் டாக்டர் ஆர். கணபதி சயான் பகுதியில் தொடங்கிய பம்பாய்த் தொழுநோய்த் திட்டம் தாராவியின் சந்துகளுக்குள் சென்று நோயாளரைத் தேடிச் சிகிச்சை அளித்தது; அடைத்து வைக்கும் விடுதிக்கு மாற்றாக நோயாளரின் வாசலுக்கே மருந்து சென்றது. ஆனால் சட்டம் மருந்தைவிட மெதுவாக நகர்ந்தது. 1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், பிடிபட்டவர் தொழுநோயாளராக இருந்தால் தொழுநோய் விடுதியில் வைக்க வழிசெய்தது. அச்சட்டத்தின்கீழ் மும்பையில் பிடிபடுவோரை வைக்கும் பிச்சைக்காரர் இல்லம் செம்பூரில் இருக்கிறது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நடுவண் அரசால் நீக்கப்பட்டது. நோய்க்கிருமி ஒரு தவணை மருந்தில் பெரும்பாலும் செயலிழந்துவிடும் என்று தெரிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே அது நடந்தது.

அக்வொர்த் பெயரைத் தாங்கிய மருத்துவமனையை வடாலாவில் மும்பை மாநகராட்சி இன்றும் நடத்துகிறது. தொழுநோய் வரலாற்றைக் காட்டும் அருங்காட்சியகமும் அங்கே உண்டு. விடுதியின் தொடக்ககாலக் கடிதப் போக்குவரத்து, கொள்ளைநோய்க் கால நடவடிக்கைகள், கொலாபாவிலும் தாணேயிலும் இருந்த மனநோயாளர் காப்பகங்களின் அறிக்கைகள் ஆகியவற்றைத் தேடுவோர் கோட்டைப் பகுதியில் எல்ஃபின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் இயங்கும் மகாராஷ்டிர மாநில ஆவணக் காப்பகத்தில், பம்பாய் அரசின் பொதுத்துறைத் தொகுதிகளிலிருந்து தொடங்கலாம். பிடிக்கப்பட்டவர் எவர், எந்த வீதியிலிருந்து கொண்டுவரப்பட்டார், எந்த ஊரார், எப்போது தப்பியோடினார் அல்லது இறந்தார் என்ற கேள்விகளை அங்கே பகலில் கேட்கலாம். தென்னாட்டிலிருந்து கப்பலிலும் ரயிலிலும் வந்து அவ்விடுதியில் முடிந்துபோன தமிழர் எத்தனை பேர் என்பது அக்கேள்விகளுள் தமிழாய்வாளர் கையில் எடுக்க வேண்டிய ஒன்று.